எழுந்து நில்லாமலே உயர்ந்தவர்

திருப்பதியிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் செல்லும் வழி நம்மில் பலருக்கு மனப்பாடம். சந்திரகிரிக் கோட்டை ஒருபுறம் தோன்றி மறையும். மாந்தோப்புகள் தொடங்கும். எழுபது கிலோமீட்டர் கடந்தால் சித்தூர். அங்கே தேநீர் அருந்திவிட்டு மீண்டும் ஏறினால், கடைப்பலகைகளில் தெலுங்கு எழுத்து மெல்ல மெல்லக் குறைந்து தமிழ் எழுத்து மிகும். காட்பாடி வரும், பாலாற்றுப் பாலம் வரும், வேலூர் வந்துவிடும். ஊருக்குச் செல்லும் மகிழ்ச்சியில் இவ்வழியைக் கடப்பவர்கள் நம் மாணவர்கள். ஆனால் அதே பேருந்தில் நோயாளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மடியில் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பையுடன் செல்பவர்களும் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் அவ்வாறு சென்றவர்களில் ஒருவன்.

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் பெரியோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது வழக்கம். புலவர்களையும் விஞ்ஞானிகளையும் விடுதலை வீரர்களையும் பற்றி நண்பர்கள் அழகுற எழுதியிருக்கின்றனர். இம்முறை ஒரு மருத்துவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் தமிழராகப் பிறந்தவர் அல்லர். தமிழ் மண்ணில் உழைத்து, தமிழ் மண்ணிலே மறைந்தவர். இருபத்தெட்டாம் வயதுக்குப் பிறகு ஒருநாளும் தம் கால்களால் நடந்தவர் அல்லர். ஆயினும் அவரால் நடந்தவர் ஆயிரவர். டாக்டர் மேரி வர்கீஸ் என்பது அவர் பெயர்.

அவரை நான் ஏன் தேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூர் மாவட்டத்துக்கு வந்த குடும்பம். பங்காருபாளையம் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, காய் இறக்கி, மண்டிக்கு அனுப்புவது என் தந்தையாரின் தொழில். நான் இன்டர் முதலாண்டு முடித்திருந்த கோடையின் இறுதியில், கிளிமூக்கு மாங்காய் இறக்கும் பருவத்தில், அப்பா மரத்திலிருந்து விழுந்தார். கூடியிருந்தவர்கள் பதறி ஓடிவந்தார்கள். இருவர் தோளைப் பிடிக்க, இருவர் காலைப் பிடிக்க, நடுமுதுகு தொட்டில்போல் தொய்ய, தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் கிடத்தினோம். ஆம், கிடத்தினோம். காலைப் பிடித்த இருவரில் நானும் ஒருவன்.

முதுகெலும்பில் அடிபட்டவரை அப்படித் தூக்கக்கூடாது. தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க, மரப்பலகையைப் புரட்டுவதுபோல் ஒருசேரப் புரட்டி, கெட்டியான பலகையில் வைத்தே எடுத்துச் செல்லவேண்டும். இதனை நான் பிறகுதான் அறிந்தேன். அன்று அறிந்திருந்தால் அப்பாவின் கால்கள் பிழைத்திருக்குமா என்பதற்கு எந்த மருத்துவரும் விடை சொல்ல இயலாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு இன்றும் அகலவில்லை. இதைப் படிக்கும் நண்பர்கள் ஒருவரேனும் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், இக்கட்டுரை எழுதிய பயனில் பாதி எனக்குக் கிடைத்துவிடும்.

எலும்பு முறிந்தால் நம் மக்கள் முதலில் நினைப்பது பழைய சித்தூர் மாவட்டத்துப் புத்தூரை. சென்னையிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் கையைத் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு புத்தூருக்கு வருவோரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தழை மருந்தும் முட்டை வெண்கருவும் மூங்கில் தப்பைகளும் கொண்டு கட்டும் அந்தக் கட்டு, தென்னாட்டில் பழமொழிபோல் ஆகிவிட்ட ஒன்று. தொட்டு, அழுத்தி, தடவிப் பார்த்து நோயறியும் கைத்திறன் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் ஆண்ட்ரு டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், 1864இல் மூளை உறைக் காய்ச்சலுக்குத் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். அக்காலத்து மருந்துகளில் நம்பிக்கையிழந்து, எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்யும் ஆஸ்டியோபதி என்னும் முறையை 1874இல் அறிவித்து, 1892இல் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்னும் ஊரில் ஒரு கல்லூரியும் தொடங்கினார். அவர் கூறிய காரணங்கள் யாவும் பிற்கால ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. எனினும் அவர் வழிவந்தோர் இன்று அந்நாட்டில் முழுத் தகுதிபெற்ற மருத்துவர்கள். பட்டம் பெற்றபின் மருத்துவமனையிலேயே தங்கிப் பல ஆண்டு பயிலும் உறைவிடப் பயிற்சியும் அவர்களுக்கு உண்டு.

ஆனால் முறிந்தது கை எலும்பாயின் கட்டலாம். பிசகியது மூட்டாயின் சரிசெய்யலாம். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டே அறுபட்டால்? அதனை ஒட்டவைக்கும் கை இன்றுவரை உலகில் இல்லை. அப்படியானால் அந்த மனிதரை என்ன செய்வது? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் மேரி வர்கீஸ் அம்மையார்.

கொச்சியை அடுத்த செறாயி என்னும் கடலோர ஊரில் 1925ஆம் ஆண்டு மே மாதம் அவர் பிறந்தார். வசதியுள்ள பெரிய குடும்பம். பெண்பிள்ளை மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த அக்காலத்தில், படிப்பில் ஆர்வமிகுந்த மேரி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

வேலூர் அப்போதே புகழ் பெற்றிருந்தது. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, 1942இல் பல்கலைக்கழகப் பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. மலையாளக் கரையிலிருந்து வந்த பெண்ணுக்கு வேலூர் புதிய ஊர். அதன் வெயில் புதிது. அதன் தமிழும் புதிது. பிறமொழி நிலத்தில் படிக்கவந்த நமக்கு அவர் நிலை புரியும். சந்தையில் விலை கேட்கத் திணறுவதும், விடுதிச் சோற்றில் வீட்டுச் சுவையைத் தேடுவதும் நமக்குப் பழகியவைதாமே!

அவர் பட்டம் பெற்றார். பெண்களுக்கான மருத்துவத்திலும் மகப்பேற்றிலும் சிறப்புத் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கான பயிற்சியிலும் ஈடுபட்டிருந்தார். 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடன் பணிபுரிந்த இளம் மருத்துவர்களுடன் உல்லாசப் பயணமாக வண்டியில் சென்றார். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் சிதைந்தது. அதனினும் பெரிய கேடு முதுகில் நேர்ந்திருந்தது. நரம்புத் தண்டு சேதமுற்று, இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றுப்போயின.

அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. நம்மைவிட ஐந்தாறு வயதே மூத்தவர். நோயாளிகளுக்குச் சீட்டு எழுதியவர் தாமே நோயாளியானார். மேலும், தமக்கு நேர்ந்தது என்னவென்று பிறர் மறைத்தாலும் அவர் அறியக்கூடியவர், மருத்துவர் அல்லவா? அறியாதவனுக்கு நம்பிக்கையாவது மிஞ்சும். அறிந்தவருக்கு அதுவும் எளிதன்று.

அக்காலத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர் கதி என்ன என்பதைச் சிறிது விளக்கவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்வரை இவர்களிற் பெரும்பாலோர் சில திங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்தனர். இறந்தது கால் நடவாமையால் அன்று. படுக்கைப் புண்ணாலும், சிறுநீர்ப் பாதையில் பற்றிய நச்சுக் கிருமிகளாலும் இறந்தனர். நான் பௌதிகம் படிக்கும் மாணவன். ஆதலால் படுக்கைப் புண்ணை என் பாடத்தின் வழியே சொல்கிறேன். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. நாம் அமரும்போது உடற்பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் இரு சிறு முனைகளில் இறங்குகிறது. பரப்புச் சிறிது, ஆகவே அழுத்தம் மிகுதி. நுண்ணிய இரத்தக் குழாய்களின் அழுத்தம் ஏறத்தாழ முப்பது மில்லிமீட்டர் பாதரச அளவே. அதனை மிஞ்சிய அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் குழாய் நசுங்கும், தசைக்கு இரத்தம் போகாது, தசை சாகும். நமக்கு ஏன் அது நேர்வதில்லை? வலி எழுப்பிவிடுகிறது. தூக்கத்திலும் நாம் புரண்டுகொண்டே இருக்கிறோம். உணர்விழந்தவருக்கோ அந்த எச்சரிக்கை மணி அறுந்துவிட்டது. ஆகவே இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டவேண்டும். மருந்தைவிட இங்கே உயிர் காப்பது கடிகாரமும் கையுமே.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் இடத்தில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1944இல் தொடங்கிய நிலையம் இதனை உலகுக்குக் காட்டியது. முறையாகப் பேணினால் இவர்கள் வாழலாம், உழைக்கலாம், விளையாடவும் செய்யலாம் என்று அவர் மெய்ப்பித்தார். மேரிக்கு விபத்து நேர்ந்தபோது இந்தப் புது அறிவுக்குப் பத்து வயது. இந்தியாவிலோ அது வேர்விடாத காலம்.

படுக்கையில் கிடந்த அந்த இளம் மருத்துவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946இல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தமுடியும் என்று உலகுக்குக் காட்டியவர். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. உள்ளங்கையில் உள்ள சிறுதசைகள் செயலிழந்து விரல்கள் பறவை நகம்போல் மடங்குகின்றன. ஆனால் முன்கையில் உள்ள தசைகள் பல நல்ல வலிவுடன் இருக்கும். அவற்றுள் ஒன்றின் தசைநாரை எடுத்து, வழி மாற்றி, விரல்களோடு இணைத்துவிட்டால் விரல் மீண்டும் இயங்கும். உள்ளதைக் கொண்டு இல்லாததை ஈடுசெய்வது இதன் தத்துவம்.

பிராண்ட் இதே தத்துவத்தை மேரியின் வாழ்க்கைக்கும் பொருத்திப் பார்த்தார். கால் போயிற்று, கை இருக்கிறது, கல்வி இருக்கிறது. வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்பவர் நின்றே செய்யவேண்டும். கையில் அறுவை செய்பவரோ உட்கார்ந்தே செய்வார். எல்லோரும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் குறை ஏது? இவ்வாறு மேரி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் அறுவை மருத்துவம் செய்யக் கற்றார். அதில் தேர்ச்சியும் பெற்றார்.

இதனை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளர், தம் எதிரே அமர்ந்து தம் கையைத் தொட்டுத் தூக்கிப் பார்க்கும் மருத்துவரைக் காண்கிறார். மருத்துவர் முகத்தில் தழும்பு. மருத்துவர் அமர்ந்திருப்பது சக்கர நாற்காலி. இவருக்கு நம் துன்பம் தெரியும் என்று அந்நோயாளி நினைக்க ஒரு சொல்லும் வேண்டியிராது. மேரியின் குறை அங்கே ஒரு தகுதி ஆயிற்று.

இத்துடன் அவர் நின்றிருந்தாலும் நாம் போற்றியிருப்போம். அவர் நிற்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தம் சொந்தப் பயிற்சிக்காகச் சென்றார். தம்மைப் போன்றோர் பிறர் உதவியின்றிப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும், உடுத்துவதையும், குளிப்பதையும், வேலைக்குப் போவதையும் அங்கே பயின்றார். அப்போது அவர் உள்ளத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. தமக்கு வெளிநாடு செல்ல வாய்ப்புக் கிடைத்தது; பனைமரத்திலிருந்து விழுந்த ஏழைக்கும், கிணற்றில் விழுந்த கூலியாளுக்கும், இளம்பிள்ளை வாதம் தாக்கிய குழந்தைக்கும் யார் இருக்கிறார்கள்?

அறுவை மருத்துவராகப் பெயர் பெற்ற அவர் மீண்டும் மாணவியானார். உடலியக்க மருத்துவமும் மறுவாழ்வும் என்ற புதிய துறையில் உறைவிட மருத்துவராகப் பயில நியூயார்க் நகருக்குச் சென்றார். அங்கே நிலையத்தை நடத்தியவர் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க். அவரும் ஸ்டில் வாழ்ந்த அதே மிசௌரி மாநிலத்தவர். போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் மருத்துவமனையில், காயம் ஆறியும் வேலையின்றிப் படுத்துக்கிடந்த வீரர்களைக் கண்டு, நோய் நீங்குவதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை; நோயாளி வீட்டுக்கும் தொழிலுக்கும் திரும்பும்வரை அது தொடர்கிறது என்று முடிவுகட்டியவர். ரஸ்க் 1955இல் நிறுவிய உலக மறுவாழ்வு நிதியம் மேரிக்கு உதவித்தொகை அளித்தது.

முதுகலைப் படிப்பு கடினம் என்று நாம் அடிக்கடி அலுத்துக்கொள்கிறோம். ஆய்வுக்கூடத்தில் நான்கு மணி நேரம் நிற்கவேண்டியிருக்கிறது என்று நானே முணுமுணுத்திருக்கிறேன். அந்நிய நாட்டில், பனிக்காலத்தில், முப்பது வயதைக் கடந்தபின், சக்கர நாற்காலியில் வார்டு வார்டாகச் சென்று, இளையவர்களோடு சேர்ந்து மீண்டும் பாடம் கேட்டவரை நினைத்தால் முணுமுணுப்பு அடங்குகிறது.

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அங்கே படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளங்கள், வீட்டில் மின்தூக்கிகள். வேலூரில் அவை ஏது? எனினும் திரும்பினார். 1963ஆம் ஆண்டு, முப்பத்தேழாம் வயதில், வேலூர் மருத்துவக் கல்லூரியின் உடலியக்க மருத்துவ மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். பம்பாயில் 1955இல் மத்திய அரசு இத்துறைக்கென ஒரு நிலையம் தொடங்கியிருந்தது. ஆயினும் மருத்துவக் கல்லூரி ஒன்றில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் வசதியுடன் அமைந்தவற்றுள் வேலூர்த் துறையே நாட்டில் முதன்மையானது என்பர். 1966இல் பாகாயம் பக்கத்தில் தனி மறுவாழ்வு நிலையமும் எழுந்தது.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே வேலூரில் நட்டால் அது வேர் பிடிக்காது. அங்கே வாழ்க்கை நாற்காலியிலும் மேசையிலும் நடக்கிறது. நம் வாழ்க்கை தரையில் நடக்கிறது. தரையில் அமர்ந்து உண்கிறோம், பாயில் உறங்குகிறோம், வீட்டு வாயிலில் உயர்ந்த திண்ணை, வயலுக்கு வரப்பே வழி. ஆகவே தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறவும், நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கவும் கற்பித்தாகவேண்டும். அங்கே மருத்துவர் ஒருவர் மட்டும் போதாது. உடற்பயிற்சி சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், செவிலியர், செயற்கைக் காலும் இரும்புத் தாங்கியும் செய்யும் பட்டறைத் தொழிலாளர், வீட்டாரோடு பேசும் சமூகநலப் பணியாளர் என ஒரு குழுவே வேண்டும். அக்குழுவின் நடுவே, பணியாளரும் நோயாளியும் ஒருங்கே நிமிர்ந்து பார்க்கும்படி, தாமும் நாற்காலியில் அமர்ந்திருந்தார் மேரி வர்கீஸ்.

அவர் நோயாளிகளை மட்டும் உருவாக்கி அனுப்பவில்லை, மருத்துவர்களையும் உருவாக்கினார். இன்று நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இத்துறையில் மூன்றாண்டு பயின்று எம்.டி. பட்டம் பெறலாம். வேலூரிலும் அப்படிப்பு உண்டு. நம் திருப்பதியிலும், பர்ட் என்று மக்கள் அழைக்கும் தேவஸ்தான மருத்துவமனை, கைகால் குறையுற்றோர்க்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்துவருகிறது. வழி அமைந்தபின் நடப்பது எளிது. வழியில்லாத இடத்தில் முதலடி வைத்தவர்களுள் ஒருவர் நடக்கவே இயலாதவர் என்பதுதான் வியப்பு!

அவர் வாழ்க்கையை டோரதி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1963இல் நூலாக எழுதினார். கடல் கடந்தும் மேரியின் பெயர் பரவியது. 1972இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. பொறுப்பிலிருந்து விலகிய பின்னும் அவர் கவலை விலகவில்லை. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர் வருவாயின்றி மீண்டும் மூலையில் முடங்குவதைக் கண்டார். தொழிற்பயிற்சியும் பிழைப்புக்கு வழியும் தருவதற்காக அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை வேலூரில் அமைந்தது. 1986ஆம் ஆண்டு, அறுபத்தோராம் வயதில் அவர் மறைந்தார். விபத்துக்குப்பின் அவர் வாழ்ந்தது முப்பத்திரண்டு ஆண்டுகள். விபத்துக்குமுன் வாழ்ந்ததைவிட அது மிகுதி.

இனி என் கதையின் எச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

அப்பா வேலூரில் கிடந்த முதல் மாதத்தில் யாருடனும் பேசவில்லை. அம்மா ஊட்டினால் இரண்டு வாய் உண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாரமாக இருப்பதைவிடப் போய்விடுவது மேல் என்று ஒருமுறை சொன்னதாக அம்மா அழுதார். ஒருநாள் செவிலியர் ஒருவர், முதுகைத் துடைத்துக்கொண்டே, இந்த நிலையத்தை உண்டாக்கிய டாக்டரம்மாவும் உங்களைப்போல்தான் என்று கதையைச் சொல்லத் தொடங்கினார். நானும் அன்றுதான் முதன்முதலாக அதனைக் கேட்டேன். முழுவதும் கேட்டபின் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கடைசியில் அந்த அம்மா எழுந்து நின்றாரா என்று. இல்லை, கடைசிவரை நிற்கவேயில்லை என்றார் செவிலியர். அப்பா வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு சோறு கேட்டார்.

அவர் எழுந்து நடந்துவிட்டார் என்று அந்தச் செவிலியர் பொய் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு ஒரு வாரம் மகிழ்ச்சி கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னதால் வாழ்க்கை கிடைத்தது. எழுந்து நின்றால்தான் வாழ்வு என்று காத்திருந்தவர், நில்லாமலும் வாழலாம் என்று அறிந்தார். மூன்று மாதம் பயின்று ஊர் திரும்பினார். இன்று மாங்காய் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து, தரம் பிரித்துக் கணக்கு எழுதுகிறார். காயைக் கையில் எடுத்துப் பார்த்தே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். என் படிப்புச் செலவு அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

ஆனால் நண்பர்களே, ஒரு தவறு என்மேல் இருக்கிறது. இரண்டாண்டாக உங்களோடு ஒரே விடுதியில் வாழ்கிறேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு மாங்காய் வியாபாரம் என்று சொல்லியிருக்கிறேன். நாற்காலியைப் பற்றிச் சொன்னதில்லை. போன ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் எனக்குப் பேச்சுப் போட்டிப் பரிசு கிடைத்தபோது, பெற்றோர் பலர் வந்திருந்தனர். அப்பா வர ஆசைப்பட்டார். மண்டபத்துக்குப் படி ஏறவேண்டும், உங்களால் முடியாது அப்பா என்று சொல்லித் தடுத்துவிட்டேன். படி இருந்தது உண்மை. தடுத்தது படி அன்று, என் வெட்கம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தம் கேள்வியைப் போலவே தம் வருத்தத்தையும் ஒரு முறைக்குமேல் சொல்லாதவர் அவர்.

மேரி வர்கீஸ் தம் நாற்காலியை மறைத்துக்கொண்டு வாழ்ந்திருந்தால் என் தந்தை இன்று இல்லை. நான் என் தந்தையின் நாற்காலியை மறைத்தேன். இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய இரவில் இது எனக்குத் தைத்தது. அதனால்தான் இதனை உங்கள் முன் எழுத்தில் வைக்கிறேன்.

மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. உயர்கல்வியில் நூற்றுக்கு ஐந்து இடமும், அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடமும் ஒதுக்கச் சொல்கிறது. சட்டம் இடம் தரும், படியேற்றிவிடாது. அதனை நாம்தான் செய்யவேண்டும்.

சங்கச் செயலாளருக்கு ஒரு சிறு வேண்டுகோள். வரும் பொங்கல் விழா நடக்கும் மண்டபத்து வாயிலில் மூன்று படிகள். ஒவ்வொன்றும் அரையடி உயரம். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு என்பது சக்கர நாற்காலிக்கு ஏற்ற கணக்கு. ஆக, பதினெட்டடி நீளத்துக்குப் பலகை போதும். தச்சு வேலை தெரிந்த நண்பர் இருவர் முன்வந்தால் ஒரே மாலையில் முடித்துவிடலாம். பலகைச் செலவை நான் ஏற்கிறேன்.

சித்தூரிலிருந்து காலைப் பேருந்தில் அப்பாவை அழைத்துவர எண்ணியிருக்கிறேன். இம்முறை முதுகு தொய்யாமல் தூக்க எனக்குத் தெரியும். வாயிலில் என்னுடன் நிற்க இரண்டொரு நண்பர்கள் வருவீர்களா?